மதில் எழுப்பினால் கோழி நிற்குமா?

கேள்வி (சுருக்கப்பட்டது): நானும் ஒன்பது வயது மகளும் எனக்குச் சீதனமாகக் கிடைத்த வளவில் இருக்கிறோம். கணவர் கனடாவில். மகளின் ஆசைக்காக வாங்கிய ஊர்க்கோழிகள் ஒரு சேவலும் ஏழு பேடுமாகப் பெருகிவிட்டன. எல்லாவற்றுக்கும் மகள் பெயர் வைத்திருக்கிறாள்; ஒன்றையும் நாங்கள் கறிக்கு அறுத்ததில்லை. அவற்றுள் கறுப்பி என்ற பேடு எங்கள் கூட்டில் முட்டையிடுவதில்லை. வேலி தாண்டிப் பக்கத்து வளவு வாழையடியில் போய் முட்டையிடுகிறது. போகும் வழியில் அவர்களுடைய கீரைப் பாத்தியையும் கிளறிவிடுகிறது. அதற்காக விடியற்காலையில் எனக்குக் கேட்கும்படி ஏசுகிறார்கள். அந்த வளவு என் அக்காவுடையதுதான். அம்மாவின் அந்தியேட்டிக்குப் பிறகு பங்குக் கிணற்றுக்கு மோட்டர் வாங்கிய காசில் பிரச்சினை வந்து, நான்கு வருடமாக எங்களுக்குள் கதைபேச்சு இல்லை. முட்டைகளை மட்டும் தன் பத்து வயது மகனிடம் கொடுத்து வேலியில் உள்ள சிறு திறப்பான பொட்டுக்குள்ளால் அனுப்பிவிடுவார். அதிலும் ஒவ்வொரு முட்டையிலும் கணக்குக் காட்டுவதுபோலப் பென்சிலால் திகதி எழுதியிருக்கும். ஆறடி மதில் கட்டக் கணவர் பணம் அனுப்பியிருக்கிறார். மேசனுக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. மதிலைக் கட்டுவதா, கோழிகளை விற்றுவிடுவதா?
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்:

சகோதரி, வேலியோரச் சண்டைகளைப் பற்றி இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. ஒரு வீட்டில் கோழி, இன்னொரு வீட்டில் வேலிக்கு அப்பால் சாய்ந்த முருங்கை, மற்றொரு வீட்டில் மாரிவெள்ளம் ஓடும் வாய்க்கால் என்று காரணங்கள் மாறினாலும், பாதிக் கடிதம் கடந்த பின்னரே அந்த அயலவர் உடன்பிறந்தவர் என்பது தெரியவருகிறது. ஆகவே ஆறுதல் சொல்லி நேரத்தைப் போக்க நான் விரும்பவில்லை. கிணற்று மோட்டரின் கணக்கை ஒன்றரைப் பக்கத்துக்கு விரித்து எழுதியிருந்தீர்கள்; அதை நீக்கிவிட்டேன், அதில் நியாயம் யார் பக்கம் என்றும் சொல்லப் போவதில்லை. நீங்கள் குறையாகச் சொல்லி ஒரே வரியில் கடந்துபோன ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் அக்கா முட்டையில் திகதி எழுதி அனுப்புகிறார்.

அதைக் கணக்குக் காட்டுவது என்கிறீர்கள். கணக்குக் காட்ட நினைப்பவர் எத்தனை முட்டை தந்தேன் என்ற எண்ணிக்கையை வைத்திருப்பார். திகதி அவருக்கு எதற்கு? முட்டையிட்ட நாள் எது என்பது அதைச் சமைக்கப் போகிறவருக்கும் அடைவைக்கப் போகிறவருக்கும் மட்டுமே தேவையானது. சேவலோடு கூடித் திரியும் பேட்டின் முட்டை பெரும்பாலும் கருக்கட்டியதாகவே இருக்கும். சித்திரை, வைகாசி வெக்கையில் அது வெளியே கிடந்தால் கோழி அடைகாக்காமலேயே உள்ளே கரு அசையத் தொடங்கி, பின்னர் கெட்டுப்போகும். நேற்றைய முட்டையும் போன கிழமை முட்டையும் ஒரே சட்டிக்குள் கலந்து கிடந்தால், வெளியில் பார்த்து வேறுபாடு காண முடியாது. உங்கள் மகள் காலையில் பொரித்துச் சாப்பிடும் முட்டை பழுதாக இருந்துவிடக் கூடாது என்று நினைக்கும் ஒருவர் வேலிக்கு அப்பால் இருக்கிறார் என்பதைத்தான் அந்தப் பென்சில் எழுத்து சொல்கிறது. அதுவும் பேனையால் எழுதவில்லை. முட்டைக்கோதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு, பேனை மை அவற்றின் வழியே உள்ளே இறங்கக்கூடும் என்பதை அறிந்தவர்கள் பென்சிலையோ கரியையோதான் எடுப்பார்கள்.

அடைவைப்பதற்கும் திகதி வேண்டும். 7 நாளுக்கு உட்பட்ட முட்டைகளே அடைக்குச் சிறந்தவை. 10 நாளைத் தாண்டினால் பொரிக்கும் தொகை குறைந்துகொண்டே போகும். எங்கள் பழைய தாய்மார் அடைக்கு வைக்கும் முட்டைகள் எல்லாவற்றிலும் அடுப்புக்கரியால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். அடைக்கோழி இரை தின்ன எழுந்து போகும் சிறிது நேரத்துக்குள் வேறொரு பேடு வந்து அதே கூட்டில் முட்டையிட்டுவிட்டால், கோடு இல்லாத அந்த முட்டையை உடனே எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால், 21 ஆம் நாளில் மற்றவை குஞ்சாக, பிந்திச் சேர்ந்தது கூழ்முட்டையாகக் கிடக்கும். முட்டையில் குறிபோடும் இந்தப் பழக்கத்தை எவரும் பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை. தாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்த பிள்ளைக்குத்தான் அது கைவருகிறது. உங்கள் தாயார் அப்படிச் செய்தாரா என்பதை நீங்கள்தான் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. வந்த முட்டைகளைத் திகதி வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள். ஒரு முட்டை பேட்டின் வயிற்றில் உருவாகி முடிய ஏறக்குறைய 25 மணித்தியாலம் எடுக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் முட்டையிடும் நேரம் சற்றுப் பிந்திப் பிந்திப் போய், கடைசியில் ஒரு நாள் விடுபட்டுப்போகும். ஊர்ப்பேடு இப்படிப் பத்துப் பதினைந்து முட்டை இட்டபின் அடைக்குக் கிடக்கும். கறுப்பி எந்த நாளில் ஓய்ந்தது, எப்போது அடைக்கு ஆயத்தமாகும் என்பதெல்லாம் அந்தத் திகதிகளிலேயே இருக்கின்றன. உங்களோடு கதைக்காத அக்கா, உங்கள் கோழியின் நாட்குறிப்பை உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் வாழையடிக்குப் போய்க் குனிந்து, சருகை விலக்கி முட்டையை எடுத்து, பென்சிலைத் தேடி எழுதி, மகனைக் கூப்பிட்டு அனுப்புவது கோபத்தால் மட்டும் ஒருவர் செய்கிற காரியமா? அந்த முட்டைகளை அவரே அவித்துத் தின்றிருந்தால் உங்களுக்குத் தெரியவா போகிறது?

இனி மதிலுக்கு வருகிறேன். ஆறடி மதில் கறுப்பியை நிறுத்தாது. எடை குறைந்த ஊர்க்கோழி இரவில் மாமரக் கொப்பில் ஏறி உறங்கும் இனம். ஆறடி அதற்கு ஒரு உயரமே இல்லை. வேலியைத் தாண்டும் கோழி பெரும்பாலும் ஒரேயடியாகப் பறந்து கடப்பதில்லை. உச்சியைக் கண்ணால் அளந்து, அங்கே ஏறி உட்கார்ந்து, பிறகு அப்பால் குதிக்கும். ஆடுகின்ற கிடுகு வேலியைவிடச் சீமெந்து பூசிய மதிலின் தலைப்பு அதற்கு வசதியான இருக்கை. அதைத் தடுக்க மதில் தலைப்பில் போத்தல் ஓடு பதிக்கப் போகிறீர்களா? உங்கள் மகள் பெயர் வைத்து வளர்க்கும் கோழியின் காலைக் கிழிக்கவா? மதில் எழும்பினால் அடைபடப் போவது அந்தப் பொட்டு மட்டும்தான். அதற்குப் பிறகு கோழி போகும். பிள்ளை வர மாட்டான்.

கறுப்பி ஏன் உங்கள் கூட்டில் முட்டையிடவில்லை என்று ஒரு நாளாவது கூட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தீர்களா? பேட்டுக்கோழி முட்டையிட இருட்டான, மறைவான, ஆளரவம் குறைந்த இடத்தைத் தேடும். ஏழு பேட்டுக்கு இரண்டு முட்டைப்பெட்டியாவது வேண்டும். ஒவ்வொன்றும் ஓரடி நீள அகலம் இருந்து, காய்ந்த வைக்கோல் பரப்பி, முன்பக்கம் பாதி மறைக்கப்பட்டிருக்க வேண்டும். பெட்டி, கோழிகள் இரவில் ஏறி உறங்கும் தடியைவிடப் பதிவாக இருக்க வேண்டும். உயரத்தில் இருந்தால் அதற்குள்ளேயே உறங்கி எச்சமிட்டு அசுத்தமாக்கிவிடும். பலகை இடுக்குகளில் பகல் முழுவதும் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் உண்ணிகள் பெருகியிருந்தாலும் பேடு அந்தக் கூட்டை வெறுத்துவிடும். கூட்டைக் கழற்றி வெயிலில் காயவிட்டு, இடுக்குகளைச் சுடுநீரால் கழுவி, கோழிகள் புரண்டு குளிக்க ஒரு மூலையில் செம்மண்ணும் விறகுச் சாம்பலும் கலந்து வையுங்கள். முட்டை வடிவக் கல்லொன்றைப் பெட்டிக்குள் விட்டு, ஒரு கிழமைக்குக் கோழிகளைக் காலை பத்து, பதினொரு மணிவரை திறந்துவிடாதீர்கள். பெரும்பாலான முட்டைகள் அந்த நேரத்துக்குள் இடப்பட்டுவிடும். அதன் பிறகும் கறுப்பி வேலி ஏறினால், ஒரு பக்கச் சிறகின் நுனியில் உள்ள பத்துப் பெரிய இறகுகளை மட்டும் பாதிக்கு வெட்டிவிடுங்கள். நன்றாக முற்றிய இறகானால், நகம் வெட்டுவதுபோல, நோகாது. அடியில் இரத்தம் ஓடும் இளம் இறகில் கத்தரிக்கோல் படக்கூடாது. இறகு உதிர்த்துப் புதிதாக முளைத்த பின் மீண்டும் வெட்ட வேண்டியிருக்கும்.

கீரைப் பாத்தி விடயத்தில் அக்கா ஏசுவது முழுக்க நியாயம். கோழி கிளறியது ஒரு காலை வேலை, பாத்தி கட்டி விதைத்துத் தண்ணீர் விட்டது பல நாள் வேலை. கோழி உங்களுடையது, அதன் காலுக்கு நீங்கள் பொறுப்பு. அக்காவின் சத்தம் உங்களுக்குக் கேட்கிறது என்றால், உங்கள் சத்தமும் அவருக்குக் கேட்கும், “பாத்தி பழுதாகிவிட்டதா அக்கா?” என்று ஒரு நாள் வேலியோரம் நின்று கேட்டிருக்கலாம். கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

இதைவிட என்னை வருத்தியது வேறு. அந்தப் பிள்ளையின் கை பொட்டுக்குள்ளால் நீளும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முட்டையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறீர்களா? அவனுக்கு நீங்கள் சித்தி. எங்கள் முறையில் அக்காவின் மகன் உங்களுக்கும் மகன், உங்கள் மகளுக்கு அண்ணன். நாளை உங்கள் பெண்ணின் கலியாணத்தில் தோழனாக நிற்க வேண்டியவன். அவன் கையில் ஒரு மாம்பழத்தையோ, அதே முட்டைகளில் இரண்டையோ திருப்பிக் கொடுத்தீர்களா? இத்தனை முட்டை வந்த பொட்டுக்குள்ளால் உங்கள் பக்கத்திலிருந்து ஒன்றும் போகவில்லை என்றால், மோட்டர் கணக்கில் நீங்கள் எவ்வளவு சரியாக இருந்தாலும் உறவுக் கணக்கில் கடன்காரி நீங்கள்தான்.

தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு என்பது, 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கும் முந்திய வழக்கம். அந்த வழக்கத்தால்தான் யாழ்ப்பாணத்தில் அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் குடியிருந்தார்கள். ஒருத்தி பிள்ளைப்பேற்றுக்குப் படுத்தால் மற்றவள் சரக்கரைத்துக் கொடுத்தாள், ஒருத்தி வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் மற்றவள் வீட்டிலிருந்து சோறு வந்தது. வேலியில் பொட்டு விட்டு வைத்ததும் அதற்காகத்தான். போரும் இடப்பெயர்வும் இந்த ஊரின் சகோதரிகளை ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் பிரித்து எறிந்துவிட்ட பிறகு, ஒரு கீரைப் பாத்தி தூரத்தில் அக்கா கிடைத்திருக்கிற நீங்கள் அந்த இடைவெளியில் சீமெந்துக் கல் அடுக்க நினைப்பதை நான் ஏற்க மாட்டேன். நள்ளிரவில் மகளுக்குக் காய்ச்சல் காய்ந்தால் கனடாவில் இருக்கும் கணவர் தொலைபேசியில் தவிப்பார். ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குக் கூட வருகிறவர் அக்காவாகத்தான் இருப்பார்.

ஆகவே நீங்கள் போக வேண்டும். மகளை அனுப்ப வேண்டாம், பொட்டுக்குள்ளாலும் வேண்டாம். படலையைத் திறந்து, முன்வாசலால் போங்கள். மூத்தவர் தாய்க்குச் சமம், இளையவர் போவதில் இழுக்கு ஒன்றும் இல்லை. மோட்டரைப் பற்றி அன்று ஒரு சொல்லும் எடுக்காதீர்கள். அது இன்னொரு நாளைக்கு, இருவரும் ஒன்றாக இருந்து தேநீர் குடித்த பிறகு பேசித் தீர்க்க வேண்டிய காசு. கீரைப் பாத்திக்கு மன்னிப்புக் கேளுங்கள். சில மாதம் மக்கவைத்த கோழியெரு இருந்தால் ஒரு கடகம் கொண்டுபோய்க் கொடுங்கள். பச்சை எருவைக் கீரைக்குப் போடக் கூடாது, அதன் சூடு வேரைக் கருக்கிவிடும். பிறகு, கறுப்பி அடைக்குக் கிடக்கும் நாள் நெருங்குகிறதென்றும், திகதி எழுதிய முட்டைகளில் எவற்றை வைக்கலாம் என்றும் அவரிடமே கேளுங்கள். வாழையடியில் அடைவைத்தால் கீரியும் மரநாயும் விடாது. ஆகவே அடை உங்கள் கூட்டில் இருக்கட்டும், பொரிக்கும் குஞ்சுகளில் பாதி அக்காவின் மகனுக்கு என்று அங்கேயே சொல்லிவிட்டு வாருங்கள்.

கோழிகளை விற்கும் பேச்சை இத்தோடு விடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவரும் உயிரை, பெரியவர்களின் மனத்தாங்கலுக்காகச் சந்தைக்கு அனுப்புவதைக் கண்டு வளரும் பிள்ளை அதை மறக்காது. கணவருக்கு இன்றே அழைப்பெடுத்து, மதில் கட்டப் போவதில்லை என்று சொல்லுங்கள். மேசனுக்குக் கொடுத்த முற்பணம் வீணாக வேண்டியதில்லை. மாரி தொடங்குமுன் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, கீரி நுழையாத நெருக்கமான கம்பிவலை அடித்து, இரண்டு முட்டைப்பெட்டியோடு ஒரு கூடு கட்டித் தரச் சொல்லுங்கள். அடித்தளம் போடுமுன் அக்காவையும் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கள். வாடைக்காற்றுக்கு எந்தப் பக்கம் அடைக்க வேண்டும் என்பது அந்த வளவில் உங்களைவிட அதிக வருடம் இருந்த அவருக்குத் தெரியும்.