முதல் ஜோடி குரோஷா ஸ்லிப்பர்: கேள்வியும் பதிலும்

கேள்வி: அக்கா, குரோஷா என்ற கொக்கி ஊசிப் பின்னலில் எனக்குச் செயினும் (சங்கிலிக் கண்ணி) சிங்கிள் குரோஷாவும் (அடிப்படைக் குட்டைக் கண்ணி) மட்டும்தான் தெரியும். நேராகச் சாக்ஸ் பின்னலாமா?

பதில்: முதலில் ஸ்லிப்பர் பின்னுங்கள் மா. கணுக்காலைச் சுற்றி ஒரு தடவை டேப் வைத்து அளங்கள். அப்புறம் குதிகாலையும் புறங்கால் மேட்டையும் சேர்த்துச் சுற்றி அளங்கள். இரண்டாவது அளவு நிறையக் கூடுதலாக இருக்கும். சாக்ஸ் அதைத் தாண்டி ஏறவும் வேண்டும், ஏறிய பிறகு கணுக்காலைப் பிடித்து நிற்கவும் வேண்டும். சிங்கிள் குரோஷா அவ்வளவு இழுபடாது. ஸ்லிப்பர் மேல்பக்கம் திறந்திருப்பதால் அந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: எந்த நூல், எந்த ஊசி?

பதில்: நடுத்தரத் தடிமன் அக்ரிலிக் நூல், 5 மி.மீ. ஊசி. நிறம் வெளிர்நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது, பழகும் கைக்கு அது பெரிய கஷ்டம். புசுபுசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் இப்போதைக்கு வேண்டாம். தப்பு நேர்ந்தால் பிரிக்க வராது.

கேள்வி: என் பாதம் 24 செ.மீ. அதே நீளத்துக்குப் பின்னினேன். நாலு நாளில் தொளதொளவென்று ஆகிவிட்டது.

பதில்: நானும் முதல் ஜோடியை இப்படித்தான் அளவு பிசகாமல் பின்னி, ஒரே மாதத்தில் காலில் நிற்காமல் போய்விட்டது. போடப் போட ஸ்லிப்பர் விரிந்து கொடுக்கும். அதனால் பாதத்தைவிட ஒன்றரை செ.மீ. குறைத்துப் பின்ன வேண்டும். உங்களுக்கு 22.5 போதும். சுற்றளவிலும் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால்தான் சரி.

கேள்வி: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? முழு முறையும் சொல்லுங்களேன்.

பதில்: விரல் நுனியில் தொடங்கிக் குதிகாலில் முடியுங்கள். மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகும் நூல் வளையத்தில், 6 சிங்கிள் குரோஷா. ரிங் வரவில்லையென்றால் 2 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினுக்குள்ளேயே ஆறையும் போடுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு, மொத்தம் 12. பிறகு 18, 24, 30 என்று சுற்றுக்கு ஆறாகக் கூட்டுங்கள். 12-க்குப் பிறகு ஒவ்வொரு கூட்டலுக்கும் நடுவே கூட்டாமல் ஒரு சுற்று விட்டால், தட்டு மாதிரி விரியாமல் விரல்களை மூடும் கிண்ணமாக வரும். சுற்று தொடங்கும் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டி வையுங்கள், சுற்றுக்குச் சுற்று அதை மேலே ஏற்றுங்கள். இது இல்லாமல் எண்ணிக்கை நிற்காது.

30 வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டுப் புறங்கால் மேடு தொடங்கும் வரை சுற்றிக்கொண்டே போங்கள். நடுநடுவே காலில் மாட்டிப் பாருங்கள். அங்கே மேல்பக்கம் 8 கண்ணிகளை விட்டுவிட்டு, மீதி 22-ஐ மட்டும் திருப்பித் திருப்பி வரிசையாகப் பின்னுங்கள். 22.5 செ.மீ. ஆனதும் கடைசி வரிசையை இரண்டாக மடித்து ஸ்லிப் ஸ்டிச்சால் (இரு பக்கக் கண்ணியிலும் ஊசி நுழைத்து, நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் எடுத்துவிடுவது) சேர்த்தால் குதிகால் தயார். திறப்பின் விளிம்பைச் சுற்றி ஒரு சுற்று சிங்கிள் குரோஷா போட்டுவிடுங்கள், விளிம்பு தொய்யாது.

கேள்வி: 22-இல் தொடங்கினேன், குதிகாலுக்கு வருவதற்குள் 17 ஆகிவிட்டது. ஏன் அக்கா?

பதில்: வரிசையின் கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறீர்கள். திரும்பும்போது 1 செயின் போடுகிறோம் அல்லவா, அது கண்ணிக் கணக்கில் சேராது. அதன் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் முதல் கண்ணி. அதில் ஊசி நுழைய வேண்டும். வரிசை முடிவில் கடைசிக் கண்ணி சற்று இறுகி ஓரத்தில் சாய்ந்து கிடக்கும். துணியை விரலால் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள், அதன் தலையில் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி வடிவம் தெரியும். பத்து வரிசை பழகும் வரை ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள்.

கேள்வி: ஒரு வீடியோவில் டபுள் குரோஷா என்கிறார்கள், ஆனால் கை சிங்கிள் போடுகிறது!

பதில்: அது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்க வழக்கில் சிங்கிள் என்பதைத்தான் அவர்கள் டபுள் என்பார்கள். நான் இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க வழக்கு.

கேள்வி: இடது காலும் வலது காலும் ஒரே அளவாக வரவில்லையே?

பதில்: நாள் இடைவெளி விட்டால் கை இறுக்கம் மாறிவிடும். இரண்டு முன்பாகத்தையும் முதலில் முடித்துவிட்டு, அப்புறம் இரண்டு பின்பாகத்தையும் சேர்த்துப் பின்னுங்கள். எத்தனை சுற்று, எத்தனை வரிசை என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குப் பின்னித் தரப்போகிறேன். வழுக்குமா?

பதில்: வழுவழுப்பான தரையில் நிச்சயம் வழுக்கும். அடியில் பிடிமானம் இல்லாமல் பெரியவர்களுக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மெல்லிய தோல் துண்டின் சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும்படி முன்பாதத்திலும் குதிகாலிலும் தைக்கலாம். அல்லது சிலிக்கான் பசையை உள்ளங்கால் முழுக்கச் சிறு புள்ளிகளாக வைத்து, ஒரு முழு நாள் காயவிட்டுப் பிறகு கொடுங்கள்.

கேள்வி: துவைக்கலாமா?

பதில்: அக்ரிலிக் என்றால் தாராளமாக. இஸ்திரிப் பெட்டி மட்டும் படக்கூடாது. நூல் தொய்ந்துவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. அசல் கம்பளி என்றால் குளிர்ந்த தண்ணீரில் அலசி, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி, விரித்துக் காயவையுங்கள்.