எழுப்புதல் கூட்டத்தில் அழுது மனந்திரும்புகிறேன், கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிடுகிறேன். என் மனந்திரும்புதல் பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன். பாதியில் நிற்கிறது என்றுதான் தோன்றுகிறது. தேவனிடம் அழுதுவிட்டீர்கள், சரி. யாருக்கு அநியாயம் செய்தீர்களோ அவரிடம் போனீர்களா?

என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். தாத்தா இறந்த பிறகு குடும்ப வியாபாரத்தில் அப்பாவுக்குச் சேர வேண்டிய பங்கை அவர் கொடுக்கவே இல்லை. ஆனால் சபையில் முதல் வரிசை. எந்த எழுப்புதல் கூட்டம் என்றாலும் முழங்காலில் நின்று கதறுவார். பின்வரிசையில் இருந்து அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் எனக்கு அந்த அழுகைச் சத்தமே பிடிக்காது.

ஒரு நாள் ராத்திரி அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பழைய கணக்கு நோட்டு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “உன் பங்கை நான் எடுத்துக்கிட்டேன். தெரிஞ்சேதான் எடுத்தேன்” என்றார். ‘ஏதாவது தப்பு நடந்திருந்தா மன்னிச்சிடு’ என்று பூசி மெழுகவில்லை. நோட்டில் வருடவாரியாகக் கணக்குப் போட்டு, எண்ணாகமம் 5:7 சொல்கிறபடி முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி எழுதியிருந்தார். அன்று அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதது அப்பாதான்.

அதற்குப் பிறகு அவர் பின்வாங்கி நான் பார்க்கவில்லை.

கிரியையால் இரட்சிப்பு என்று போதிக்கிறேன் என யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இரட்சிப்பு கிருபையால்தான், எனக்கும் தெரியும். வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டுக்கு இயேசுதான் முதலில் போனார். அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் சொன்னது அதற்கு அப்புறம். ஆனால் சொன்னான் அல்லவா?

1907இல் கொரியாவின் பியோங்யாங்கில் நடந்த பெரிய எழுப்புதலிலும் இதுதான் நடந்தது. கில் சொன்-ஜு சபையில் எல்லோரும் மதித்த மூப்பர். அவரே எழுந்து நின்று ‘நான்தான் ஆகான்’ என்றார். யோசுவா காலத்தில் எரிகோவின் பொருட்களைத் திருடி ஒளித்துவைத்தவன்தான் ஆகான். இறந்துபோன நண்பர் தன்னை நம்பி ஒப்படைத்த சொத்திலிருந்து பணம் எடுத்ததாகவும், அதை அந்த விதவைக்குத் திருப்பிக் கொடுப்பதாகவும் எல்லோர் முன்னும் அறிக்கை செய்தார். எழுப்புதல் என்றால் ஒலிபெருக்கியும் இசைக்குழுவும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை. பெரியப்பாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். “பணப் பேச்சு வேண்டாம், ஆவியானவர் தொட்டதை மட்டும் சொல்லுங்கள்” என்றார்கள். அவர் மேடை ஏற மறுத்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் இத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்று அறிவிக்கிறார்களே, அதில் எத்தனை பேர் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று யாராவது கேட்கிறார்களா?

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்றே நினைக்கிறேன். மத்தேயு 5:23, 24ஐப் பாருங்கள், காணிக்கையைக்கூட வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். நேரில் போங்கள், தூரமாக இருந்தால் போனாவது செய்யுங்கள். அவர் மன்னிக்காமலும் போகலாம், அது அவர் பாடு. அவர் உயிரோடு இல்லையென்றால் எண்ணாகமம் 5:8ஐ வாசியுங்கள். வாங்கிக்கொள்ள உறவினன் இல்லாவிட்டால், அந்த ஈட்டைக் கர்த்தருக்கே செலுத்தச் சொல்லியிருக்கிறது.