சிவிலைசேஷன் 2: ரயில் வந்த பிறகு வரும் கொட்டாவி – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பழைய கம்ப்யூட்டர் கேம்களைப் பற்றி எழுதும்போது, ஒரு ஊரில் ஆரம்பித்துப் பேரரசு வரை வளர்க்கும் 'சிவிலைசேஷன் 2' மாதிரி இன்னொன்று இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அதை நம்பி, தேடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எழுந்திருக்கவே முடியவில்லை, அது உண்மை. ஆனால் ரயில் வந்த பிறகு வெறும் கொட்டாவிதான். எதிரி சுத்த முட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் ஆட்டம் முடிய மாட்டேன் என்கிறது. சரி, கஷ்டமாக வைப்போம் என்று, இருப்பதிலேயே கடினமான டெய்ட்டி லெவலுக்குப் போனால் மூக்கை உடைத்து அனுப்புகிறார்கள். இது உங்கள் காலத்துப் பாசமா, இல்லை நான் எதையாவது கவனிக்காமல் விடுகிறேனா? பேசாமல் ஏழாம் பாகத்தையே வாங்கிவிடலாமா?

நான் சேலம் அஸ்தம்பட்டி. லீவில் ஏற்காட்டில் இருப்பேன், மழை பிடித்துக்கொண்டால் அங்கே வேறு வேலை கிடையாது.

மு.

அன்புள்ள மு.,

நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை. கொட்டாவி வரவேண்டிய இடத்தில்தான் வந்திருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் உங்களை எழுந்திருக்க விடாமல் செய்ததும் பிறகு கொட்டாவி விட வைத்ததும் ஒரே விஷயம்தான் என்று நான் நினைக்கிறேன், அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முன்கதை சுருக்கமாக. 1991-ல் சிட் மேயரும் புரூஸ் ஷெல்லியும் மைக்ரோபுரோஸ் கம்பெனியில் செய்தது முதல் பாகம். இரண்டாவது 1996-ல் வந்தது, அதன் முக்கிய வடிவமைப்பாளர் பிரையன் ரெனால்ட்ஸ். முதல் பாகத்தில் ஈட்டி பிடித்து நின்ற ஃபாலங்ஸ் படை போர்க்கப்பலையே மூழ்கடித்துவிடும், ஏனென்றால் சண்டை ஒரே வீச்சில் முடிந்துவிடும். இரண்டாவதில் ஒவ்வொரு படைக்கும் ஹிட் பாயின்ட், அதாவது எத்தனை அடி தாங்கும் என்ற கணக்கு, கொடுத்து அந்தக் கூத்தைப் பெருமளவு நிறுத்தினார்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் வரலாறு வேண்டாம்.

முதல் நூறு டர்ன், அதாவது நம் முறை நூறு தடவை வரும்வரை, ஏன் அப்படி இழுக்கிறது? கி.மு. 4000, கட்டம் கட்டமான மேப் முழுக்க இருட்டு, கையில் ஊர் அமைக்கும் செட்லர் ஒருவன். ஊர் அமைக்கும்போது பெயரை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்வதை நீங்களும் செய்திருப்பீர்கள்: முதல் ஊர் சேலம், அடுத்தது ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி. சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு குன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுரங்கம் தோண்டினால் மூன்று உற்பத்தி கிடைக்கும், ஆனால் சாப்பாடு ஒன்றுதான் வரும். ஒரு ஆளுக்குச் சாப்பாடு இரண்டு வேண்டும். அதாவது குன்றில் ஒருவனை வேலைக்கு விட்டால் அவன் வயிற்றுக்கு ஆற்றோரக் கட்டத்தில் இன்னொருவன் கூடுதலாக விளைவிக்க வேண்டும். வேடிக்கை அதோடு நிற்கவில்லை. ஆரம்பத்தில் நாம் இருக்கும் கொடுங்கோலாட்சியில் மூன்றோ அதற்கு மேலோ தரும் எந்தக் கட்டமும் ஒன்று குறைத்துத்தான் தரும், கஷ்டப்பட்டுத் தோண்டிய சுரங்கம் இரண்டுதான் கொடுக்கும். மன்னராட்சியைக் கண்டுபிடித்து அதற்கு மாறிய அன்றைக்கு அதே குன்று மூன்று கொடுக்க ஆரம்பிக்கிறது. எங்கோ நடக்கும் ஆராய்ச்சி இந்தக் குன்றின் விளைச்சலை மாற்றுகிறது! நடுவில் புது ஊருக்கு செட்லரை அனுப்பினால் சேலத்தில் ஒரு ஆள் குறைகிறான், குறைந்தவன் சுரங்கத்துக்காரனா ஆற்றோரத்துக்காரனா என்று மறுபடி கணக்குப் போட வேண்டும். கஞ்சமலை இரும்பையும் வெள்ளைக்கல் சுரங்கத்தையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. ஆனால் இத்தனை எளிய விதிகளால் இத்தனை இறுக்கமாக ஒன்றை ஒன்று பின்ன முடியும் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். இந்த இடத்தில், ஆமாம், இதற்கு இணையில்லை. பாசம் கீசம் எல்லாம் அப்புறம்.

இப்போது ஓட்டைகள். ஊரின் மையக் கட்டம் ஆளே இல்லாமல் சும்மா விளையும். ஆகவே பெரிய ஊர் ஒன்று வளர்ப்பதைவிடக் குட்டி ஊர்கள் நாலை நெருக்கி வைப்பது லாபம். இது தெரிந்துவிட்டால், நீர்க்குழாய் கட்டினால்தான் எட்டுக்கு மேல் வளரும், கழிவுநீர் வாய்க்கால் கட்டினால்தான் பதினாறைத் தாண்டும் என்று அவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த படிகள் பாதிக்கு மேல் வீண். டெய்ட்டியில் ஊரின் இரண்டாவது ஆளே முகத்தைச் சுளித்துக்கொண்டு பிறப்பான், அது ஒரு கடிவாளம்தான், ஆனால் குட்டி ஊரை ஒரு கோயில் கட்டியே சமாளித்துவிடலாம். எதிரியும் அங்கே புத்திசாலி ஆவதில்லை, அவனுக்குச் சாப்பாடும் உற்பத்தியும் நம்மைவிட மலிவாகக் கிடைக்கின்றன, அவ்வளவுதான். உங்கள் மூக்கை உடைத்தது அந்தச் சலுகை விலை. சரி, அதையும் தாண்டி நீங்கள் முன்னேறி விண்கலம் கட்டும் நிலைக்கு வந்தால், நேற்றுவரை நண்பனாக இருந்தவன் உட்பட எல்லோரும் உங்கள் மேல் பாய்வார்கள். ராஜதந்திரம் என்று பெட்டியின் மேல் போட்டிருந்ததெல்லாம் இதுதான்.

இவையெல்லாம் சில்லறை. கொட்டாவிக்கு இவை காரணம் இல்லை. இந்த விளையாட்டுக்கு 'வளர்' என்ற ஒரு வேலைதான் தெரியும். இருட்டும் பசியும் எதிரே நிற்கும்வரை அந்த வேலை சுவாரசியம். ரயில் போட்டு, படைகள் ஒரே டர்னில் கண்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகலாம் என்று ஆனபிறகு எதிரே எதுவும் நிற்பதில்லை. கல்யாணம் முடிந்த மண்டபத்தில் நாற்காலி மடக்கிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு டர்னும் முப்பது ஊர் எழுந்து அடுத்து என்ன கட்டட்டும் என்று கேட்கும், என்ன சொன்னாலும் ஒன்றும் மாறாது. தலைநகரைப் பிடித்தால் ஒரு பெரிய நாடு இரண்டாகப் பிளக்க வாய்ப்புண்டு, நல்ல யோசனை, ஆனால் அதுவும் வெளியிலிருந்து ஒருவன் வந்து அடித்தால்தான். தன் எடை தாங்காமல் தானே சரியும் பேரரசு இதில் கிடையாது. 2012-ல் ஒரு ஆட்டக்காரர், பத்து வருடமாக ஒரே ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடி கி.பி. 3991-க்கு வந்துவிட்டதாக இணையத்தில் எழுதினார், அப்போது பெரிய செய்தியானது. 2020-ஓடு மதிப்பெண் நின்றுவிடும், ஆனால் விளையாட்டு நம்மைத் தொடர விடும். அவருடைய உலகத்தில் மூன்று வல்லரசுகள்தான் மிச்சம். அணுகுண்டு போட்டுப் போட்டுத் துருவப் பனியெல்லாம் உருகி, மக்களில் பத்தில் ஒன்பது பேர் செத்து, விளைநிலம் சதுப்பாகி, போர் மட்டும் நிற்கவில்லை. இதை எதிர்கால எச்சரிக்கை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, விழுவதற்கு வழியே எழுதப்படாத விதிகளை ஆயிரக்கணக்கான டர்ன் ஓட்டினால் வேறு என்ன வரும்?

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியைத் திறந்து முப்பது சதவீதத்தை அறுபதாக்கினால் அந்த டர்னிலேயே பணம் வருகிறது. நம் பாராமகாலில், அதாவது பழைய சேலம் பக்கத்துச் சீமையில், 1792-லிருந்து 1799 வரை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்துகொண்டு திரிந்தார்கள், விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை அந்த அலைச்சலில்தான் உருவானது. இந்த விளையாட்டில் அந்த அலைச்சல் யாருக்கும் இல்லை, எதிர்த்துப் பேசும் ஒரு கிராமமும் இல்லை. அரசு சொன்னால் மண் கேட்கும்.

நீங்கள் ஏற்காட்டில் உட்கார்ந்து விளையாடுவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. மேப்பில் அங்கங்கே குடிசைகள் இருக்குமே, அதன் மேல் படையை நகர்த்தினால் ஐம்பது பொன்னோ ஒரு புதுக் கல்வியோ கூலிப்படையோ கிடைக்கும், சிலசமயம் கொள்ளைக்காரர்கள் கிளம்பி வருவார்கள். எது நடந்தாலும் குடிசை மறைந்துவிடும். சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளி மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் கதையைச் சொல்பவர்கள், உச்சியில் சேர்வராயனுக்கு இன்றும் வருடா வருடம் திருவிழா எடுப்பவர்கள், இந்த விளையாட்டின் கண்ணுக்கு ஒரு குடிசைதான். பேரரசாக ஆசைப்படாமல் இருந்த இடத்தில் இருப்பவர்களுக்கு இதில் அதற்கு மேல் இடமில்லை. அந்த மலையே கூட குன்றாக வந்தால் நிலக்கரியோ திராட்சை மதுவோதான் தர முடியும், குன்றுக்கு அந்த இரண்டுதான் சிறப்பு விளைச்சல். 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிக்கெல்லாம் வழியில்லை. செய்தவர்கள் தீயவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, 'வளர்' என்ற ஒற்றை வேலையை எழுதி முடித்தவுடன் வளராதவன் பொருளாகிவிடுகிறான், அது தன்னால் நடக்கிறது. இருந்தாலும் எனக்கு அந்தக் குடிசைகளைத் தேடி ஓடுவது பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இருட்டில் முதலில் கண்ணில் படுவது அதுதானே.

எப்படி ஆடலாம் என்று கேட்டால்: டெய்ட்டியை விடுங்கள், அதைவிட எளிதான கிங் லெவல் போதும். மேப் சின்னதாக வையுங்கள், எதிரிகள் ஆறு பேரையும் போட்டு நெருக்குங்கள், ஊர்களை நெருக்கி நடுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள். ரயில் வந்ததும் யார் முன்னால் என்று பார்த்துவிட்டு, முன்னால் இருப்பது நீங்கள் என்றால் அங்கேயே மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். முடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஏழாம் பாகம் 2025-ல் வந்தது. உங்கள் கொட்டாவி அதைச் செய்தவர்களுக்கும் வந்திருக்கிறது போல, வெளிவந்தபோது வரலாற்றை மூன்று யுகமாக வெட்டி, யுகம் மாறும்போது நாட்டையே மாற்றிக்கொள்ள வைத்து, ஓடி முன்னால் போனவனை இழுத்துப் பிடித்தார்கள். யோசனை சரி. ஆனால் கி.மு. 4000-ல் நட்ட சேலத்தைக் கடைசிவரை ஒரே கொடியின் கீழ் கொண்டுபோவதுதான் எனக்கு ருசி, நடுவில் வேறு நாட்டுக்காரன் ஆவதில் மனம் ஒட்டவில்லை. அதை வாங்கும் முன், 2005-ல் வந்த நாலாம் பாகத்தை வாங்குங்கள். அதில் ஒவ்வொரு புது ஊரும் கஜானாவைக் கடிக்கும், நான் சொன்ன குட்டி ஊர் தந்திரம் செல்லாது, விலையும் குறைவு.