ஆயர் இல்லாத காலத்தில் சாவி யார் கையில்?

கேள்வி: நான் நகரத்தார் வீட்டுப் பெண். சிவகங்கைக்கு நடுவில் மூன்று வருஷம் பிஷப்பே இல்லை என்று என் கிறிஸ்தவத் தோழி சொல்கிறாள். அத்தனை கோயில், பள்ளிக்கூடம், நிலபுலன் எல்லாவற்றையும் அப்போது யார் பார்த்துக்கொண்டார்கள்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் தோழி சொன்னது சரிதான், ஆச்சி. கத்தோலிக்கர் நாங்கள் பிஷப்பை ஆயர் என்போம்; அவர் பொறுப்பில் உள்ள பகுதி மறைமாவட்டம். சிவகங்கை ஆயர் சூசைமாணிக்கம் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அடுத்த ஆயராக லூர்து ஆனந்தம் அறிவிக்கப்பட்டது 2023 நவம்பரில். இடைப்பட்ட காலத்தில் தூத்துக்குடி ஆயர் ஸ்டீபன் அந்தோணி, தம் மறைமாவட்டத்தோடு எங்களுடையதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். ரோம், அதாவது திருத்தந்தை (போப்பாண்டவர்), நேரடியாக நியமிக்கும் இப்படிப்பட்டவரை அப்போஸ்தலிக்கப் பரிபாலகர் என்போம்.

ரோம் யாரையும் அனுப்பாவிட்டால் உள்ளூரிலேயே ஏற்பாடு நடக்கும். ஆயருக்கு ஆலோசகர் குழு என்று ஒன்று உண்டு. 6 முதல் 12 குருக்கள் (பாதிரியார்கள்). ஆயர் இறந்த செய்தியோ, அவர் விலகலைத் திருத்தந்தை ஏற்ற செய்தியோ வந்த 8 நாளுக்குள் இவர்கள் கூடி ஒரு குருவைப் பரிபாலகராகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு 35 வயது நிறைந்திருக்க வேண்டும். நாள் தவறினால் அந்த உரிமை வட்டாரத்துத் தலைமை ஆயரான பேராயரிடம் போய்விடும். எங்களுக்கு என்றால் மதுரைப் பேராயர். மறைமாவட்டப் பொருளாளரே பரிபாலகராகவும் இருக்க முடியாது. பணப்பெட்டியும் அதிகாரமும் ஒரே கையில் சேரக் கூடாது என்பதில் சட்டம் அவ்வளவு கவனமாக இருக்கிறது.

பரிபாலகர் என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது? உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கொண்டுவிற்கப் போன காலத்தில் வீட்டுச் சாவியைப் பங்காளி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள் அல்லவா? அவர் விளக்கேற்றலாம், ஒழுகும் ஓட்டை மாற்றலாம், கல்யாணத்துக்கு வளவைத் திறந்துவிடலாம். தேக்குத் தூணைப் பெயர்த்து விற்க முடியாது. திருச்சபைச் சட்டமும் அதையேதான் சொல்கிறது: ஆயர் இல்லாத காலத்தில் புதிதாக எதையும் மாற்றாதே. வரப்போகிற ஆயரின் உரிமைக்குக் குந்தகமான எதையும் செய்யக் கூடாது. ஆயரகத்துக் காகிதம் ஒன்றையும் அகற்றவோ அழிக்கவோ திருத்தவோ கூடாது. இடம் காலியாகி ஒரு வருஷம் ஆகும் வரை, தன் விருப்பப்படி ஓர் ஊர்க் கோயிலுக்குப் பொறுப்பான பங்குத்தந்தையைக்கூட நியமிக்க முடியாது.

ஆயரகத்தில் இரகசிய ஆவணங்களுக்கென்று தனிப் பெட்டகம் ஒன்று உண்டு. பூட்டியே இருக்கும், இடத்தை விட்டு நகர்த்த முடியாதபடி வைத்திருப்பார்கள், சாவி ஆயரிடம் மட்டும். ஆயர் இல்லாதபோது, உண்மையிலேயே தேவை என்றால் மட்டும் பரிபாலகர் தாமே நேரில் போய்த் திறக்கலாம். வேறு ஆளை அனுப்பக் கூடாது. அந்தப் பெட்டகத்தில் இருப்பது மனிதர்களின் மானம். ஆள் மாறும் நேரம் பார்த்து யாரும் அதில் கை வைத்துவிடக் கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்களே, அவர்களை மனதார மெச்சுகிறேன்.

ஆனாலும் மூன்று வருஷம் என்பது நீளம்தான். இந்தப் பக்கத்து ஊர்களில் பங்குக் குருவாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இரண்டு வருவாய் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மறைமாவட்டம் இது. ஒருவர் இன்னொரு மறைமாவட்டத்தையும் சுமந்துகொண்டு இதற்கு எவ்வளவு உழைத்தாலும், இங்கேயே குடியிருந்து ஒவ்வொரு குருவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆயருக்கு ஈடாகாது. சனங்களுக்குத் தங்கள் ஆயர் வேண்டும்.

கேள்வி: ஆயர் இல்லாதபோது பூசையில் யார் பெயரைச் சொல்வார்கள்?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: திருப்பலி மன்றாட்டில் திருத்தந்தையின் பெயருக்கு அடுத்து ஆயரின் பெயர் வரும். பரிபாலகர் சாதாரணக் குருவாக இருந்தால் அவர் பெயரைச் சொல்வதில்லை. திருத்தந்தையின் பெயரோடு நிறுத்திவிட்டு மேலே போய்விடுவோம். அப்போஸ்தலிக்கப் பரிபாலகர் ஆயராகவும் இருந்தால் பெயர் உண்டு. அப்புறம், கிறிஸ்மா என்ற சடங்குத் தைலத்தை மந்திரிப்பதும் குருப்பட்டம் கொடுப்பதும் ஆயரால் மட்டுமே ஆகும். பரிபாலகர் குருவாக இருக்கும் இடத்தில் இவற்றுக்கு வேறு ஆயரை அழைத்தாக வேண்டும். ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதலைப் பரிபாலகரே கொடுக்கலாம்.

கேள்வி: ஆயரே கிடையாது என்ற ஊர்கள் உலகத்தில் உண்டா?
- ஒரு வாசகர், புதுவயல்

பதில்: உண்டு. மறைமாவட்டம் ஆகும் அளவுக்கு இன்னும் வளராத பகுதிகளைத் திருத்தந்தையின் பெயரால் ஒருவர் ஆள்வார். ஆரம்ப நிலையில் அது தனி மிஷன். அடுத்தது அப்போஸ்தலிக்க பிரிபெக்சர். அதன் தலைவர் பெரும்பாலும் குருவாகவே இருப்பார். அதற்கும் மேலே விகாரியேட். அங்கே வழக்கமாக ஆயர் பட்டம் பெற்றவர் இருப்பார், ஆனால் தம் சொந்தப் பெயரில் ஆள மாட்டார். பக்கத்து நேபாளம் 1983-ல் மிஷன், 1996-ல் பிரிபெக்சர், 2007-ல் விகாரியேட் என்று படிப்படியாக ஏறியது. ஆப்கானிஸ்தான் 2002-ல் தனி மிஷன் ஆனது. 2021 ஆகஸ்டில் தலிபான்கள் காபூலைப் பிடித்தபோது அதன் தலைவரான இத்தாலியக் குரு வெளியேற வேண்டியதாயிற்று. கம்போடியாவின் கொம்போங் சாம் பிரிபெக்சரை அந்தோணிசாமி சூசைராஜ் என்ற நம் நாட்டுக் குரு பல காலம் நடத்தினார். எனக்கு அதில் தனி மகிழ்ச்சி.

நம் ஊரும் அப்படி வந்ததுதான். 1840-களின் பிற்பகுதியிலிருந்து இந்தப் பகுதி மதுரை விகாரியேட். கனோஸ் என்ற பிரெஞ்சு இயேசு சபை ஆயர் திருத்தந்தையின் பதிலாளாக இருந்து ஆண்டார். 1886-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் இந்தியாவுக்கு முறையான மறைமாவட்டங்களை ஏற்படுத்தியபோது அந்த விகாரியேட் திருச்சி மறைமாவட்டம் ஆயிற்று; கனோஸே அதன் முதல் ஆயர். 1938-ல் திருச்சியிலிருந்து மதுரை பிரிந்தது. 1987-ல் மதுரையிலிருந்து சிவகங்கை பிரிந்தது. அன்றைக்கு மிஷன் நாடு என்று ரோம் எழுதிவைத்த மண்ணிலிருந்து இன்றைக்குக் குருக்கள் வேறு மிஷன் நாடுகளுக்குப் போகிறார்கள்.

கேள்வி: பரிபாலகராக இருப்பவர்தான் அடுத்த ஆயர் என்று எடுத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: வேண்டாம். அப்படி ஒரு உரிமை யாருக்கும் இல்லை. சிவகங்கைக்கு வந்தவரும் பரிபாலகர் அல்ல, மதுரைப் பேராயரின் உயர்மறைமாவட்டத்துக் குருதான். பெயர் அறிவித்த அன்றைக்கே அதிகாரமும் வந்துவிடாது. நியமனக் கடிதம் கையில் கிடைத்து, ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, 4 மாதத்துக்குள் பொறுப்பேற்க வேண்டும். அந்தக் கடிதத்தை ஆலோசகர் குழுவிடம் காட்டுவார்; ஆயரகச் செயலர் அதைப் பதிவேட்டில் எழுதுவார். அதோடு பரிபாலகரின் பொறுப்பு முடிந்தது.