கையெழுத்துப் போடுகிறவரின் வேலை: கல்லூரித் தடகளம் பற்றிய கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கக் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராகவும் தடகளப் பயிற்சியாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்லூரி அணியின் தலைமைப் பயிற்சியாளர் எதற்கெல்லாம் பொறுப்பு என்று தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி (ராமநாதபுரம், புதிதாகப் பொறுப்பேற்றவர்): சார், ஓட வைப்பது தெரியும். மற்றபடி என் வேலை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?

எந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இருக்கிறதோ, அது உங்கள் வேலை. நம் கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளர் என்று தனியாக ஆள் போடுவது அபூர்வம். பி.டி. சாரே எல்லாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குத் தகுதிப் படிவம் போகும்போது மாணவர் ரெகுலராகப் படிக்கிறாரா, 17 வயதைத் தாண்டி 25க்குள் இருக்கிறாரா, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிதான் படிவத்திலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நீங்கள். ரிலே அணியில் ஒருவர் தகுதியில்லாதவர் என்றால் நான்கு பேரின் பதக்கமும் போகும். அதோடு பயிற்சித் திட்டம், மைதானப் பாதுகாப்பு, அணித் தேர்வு, பயணப்படிக் கணக்கு, உதவிப் பயிற்சியாளரின் நடத்தை எல்லாமே உங்கள் பெயரில்தான் வரும். "அது எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று பிறகு சொன்னால் யாரும் ஏற்கப்போவதில்லை. ஸ்டாப்வாட்சுக்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள்.

கேள்வி (பனைக்குளம்): என் அக்கா மகன் அமெரிக்காவில் ஓட்டத்துக்கான உதவித்தொகையில் படிக்கிறான். அங்கே கோச் நினைத்த நேரமெல்லாம் பயிற்சி வைக்க முடியாதாமே, நிஜமா?

நிஜம்தான். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், அதற்கு மேல் கட்டாயப் பயிற்சி கூடாது. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு விட வேண்டும். பருவம் இல்லாத காலத்தில் வாரம் 8 மணி நேரம்தான். 2023 ஜனவரியிலிருந்து இன்னொன்றும் சேர்ந்தது. அணியில் யார் விதி மீறினாலும் தலைமைப் பயிற்சியாளரும் பொறுப்பு என்றே வைத்துக்கொள்வார்கள். முன்பு "நான் சரியாகத்தான் கண்காணித்தேன்" என்று நிரூபித்துத் தப்பிக்க வழி இருந்தது. அந்த 20 மணி நேரக் கணக்கை நம் ஊர் நோட்டீஸ் போர்டிலும் ஒட்டி வைத்தால் கெட்டுப் போகாது என்பது என் எண்ணம். காலை இரண்டு மணி நேரம், மாலை மூன்று மணி நேரம், ஞாயிறும் உண்டு என்று பிள்ளைகளைப் பிழிகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள்.

கேள்வி (தங்கச்சிமடம், விசைப்படகுத் தொழிலாளி): மகன் பி.காம். இரண்டாம் வருடம், 5,000 மீட்டர் ஓடுகிறான். திங்கள், புதன், சனி படகு போகும்போது ஆள் குறைந்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போவேன். கரைக்கு வந்த அன்று மாலையில் மெதுவாக ஓடினால் கோச் ஏசுகிறாராம். குடும்பத்தைப் பார்ப்பதா, ஓட்டத்தைப் பார்ப்பதா?

அண்ணே, ஏசுவதற்கு முன்னால் அவர் கேட்டிருக்க வேண்டியது "ராத்திரி தூங்கினாயா?" என்பதுதான். விடிய விடிய வலை இழுத்த கையும் முதுகும் ஏற்கெனவே ஒரு கடும் பயிற்சியை முடித்துவிட்டு வந்திருக்கின்றன. அதை நோட்டில் ஏற்றாமல் அன்று மாலையே எட்டு முறை 400 மீட்டர் ஓடச் சொன்னால், சீக்கிரமே பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். படகு வந்த நாளில் அரை மணி நேரம் மெதுவோட்டம், தூக்கம். கடும் ஓட்டத்தை ஒரு நாள் தள்ளி வைக்கலாம். அப்படி வாரத்தை மாற்றிப் போடத் தெரியாதவர் பயிற்சியாளரே இல்லை.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். அவன் என்றைக்குக் கடலுக்கு வருவான் என்பதை ஒரு வாரம் முன்னாலேயே கோச்சிடம் சொல்லிவிடுங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் வேறு ஆள் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் 61 நாள். படகு கரையில் நிற்கும், உங்களுக்கு வருமானம் இல்லை, கஷ்டம்தான். ஆனால் நெடுந்தூர ஓட்டக்காரனுக்கு அடித்தளம் போட அதைவிடத் தோதான காலம் கிடையாது. செமஸ்டர் தேர்வு நாட்களை மட்டும் கழித்துவிட்டு, விடியற்காலை ஆறு மணிக்குள் முடிகிற மாதிரி ஓடச் சொல்லுங்கள்.

கேள்வி (மண்டபம், உதவிப் பயிற்சியாளர்): மே மாதம் மாலை நான்கு மணிப் பயிற்சியில் ஒரு மாணவி தள்ளாடி விழுந்தாள், ஏதேதோ உளறினாள். நிழலில் படுக்க வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். வண்டி வர அரை மணி ஆனது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். என்ன செய்திருக்க வேண்டும்?

உளறினாள் என்றால் அது சாதாரண மயக்கம் இல்லை, வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வியர்த்துக்கொண்டுதான் இருந்தாள், அதனால் வெப்பத் தாக்காக இருக்காது என்று சிலர் சொல்வார்கள். ஓடி விழுகிறவர்களுக்கு வியர்வையும் இருக்கும். உடலின் உள்சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். அந்த அரை மணி நேரம்தான் உயிர். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் வண்டி. ஒருவர் 108க்குப் போன் போடும்போதே மற்றவர்கள் குளிர்விக்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

எப்படி என்று கேட்பீர்கள். மண்டபத்தில் இருந்துகொண்டு ஐஸுக்குப் பஞ்சமா? மீனுக்கு உடைத்துப் போடுகிற பார் ஐஸ் ஒன்றை ஐஸ் கம்பெனியில் வாங்கி, மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் போட்டு மைதானத்து ஓரத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர், நான்கைந்து துண்டு. பிள்ளை விழுந்தால் ஐஸ் உடைத்துப் போட்ட தண்ணீரில் கழுத்து வரை உட்கார வைத்து, தலை தண்ணீருக்குள் போகாமல் பின்னால் ஒருவர் அக்குளில் கைகொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளைக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, உடம்பு முழுக்கப் போட்டு, சூடேற ஏற மாற்றிக்கொண்டே விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சோடாவோ இளநீரோ எதுவுமே.

இதெல்லாம் நடந்த பிறகு செய்வது. தலைமைப் பயிற்சியாளரின் வேலை அதற்கு முன்னாலேயே இருக்கிறது. விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளின் உடம்பு வெயிலுக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். முதல் வாரத்திலேயே முழுப் பயிற்சி கொடுக்கக் கூடாது. நம் கரையில் வெயிலைவிட ஈரக்காற்று மோசம், வியர்வை காய்வதே இல்லை. மே மாதத்தில் மாலை நான்கு மணிக்குப் பயிற்சி வைத்தது யார் முடிவு என்பதுதான் நான் கேட்கிற முதல் கேள்வி.

கேள்வி (தொண்டி, மாணவர்): 100 மீட்டர் தேர்வில் 11.1 ஓடினேன். இன்னொரு நாள் 11.0 ஓடியவனை எடுத்துவிட்டார்கள். அவன் வேண்டியவர் வீட்டுப் பையன். இது நியாயமா?

வேண்டியவர் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு எண்களை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது, தம்பி. நம் கடற்கரைக் காற்றை நினைத்துப் பார். 100, 200 மீட்டரிலும் நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதலிலும் பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனையாக ஏற்க மாட்டார்கள். பாம்பன் பக்கம் அதைத் தாண்டாத மாலைதான் குறைவு. ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தி எடுக்கும் நேரம் வேறு. மின்னணு நேரத்தோடு ஒப்பிட அதில் 0.24 நொடி கூட்டிப் பார்ப்பது வழக்கம். மூன்று பேர் நேரம் எடுத்தால் நடு நேரம், இரண்டு பேர் என்றால் அதிகமான நேரம். ஒரே ஆள் ஒரே கடிகாரம் வைத்து எடுத்த பத்தில் ஒரு நொடி வித்தியாசத்துக்கு மதிப்பே கிடையாது.

இருவரையும் ஒரே ஓட்டத்தில் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஓட விட்டிருக்க வேண்டும். தேர்வு எந்த நாள், எத்தனை வாய்ப்பு, காயம் பட்டவருக்கு என்ன வழி என்று ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டுவது பயிற்சியாளரின் கடமை. சிபாரிசு வந்தாலும் ஒட்டிய தாளைக் காட்டி "இதுதான் சார் விதி" என்று தப்பிக்கலாம், அது அவருக்கே பாதுகாப்பு. மறுதேர்வு கேட்டு முதல்வருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடு.

கேள்வி (கீழக்கரை, ஒரு தாய்): மகள் நன்றாக ஓடுகிறாள். தலையை மூடி, முழுக்கால் உடுப்போடு ஓடலாமா? வெளியூர் அனுப்ப அவள் வாப்பா தயங்குகிறார்.

தாராளமாக ஓடலாம் அம்மா. உடை சுத்தமாக, ஆட்சேபணை இல்லாமல், நனைந்தாலும் ஊடுருவித் தெரியாததாக இருக்க வேண்டும் என்பதுதான் தடகள விதி. தலைத்துணிக்குத் தடை இல்லை.

வெளியூர் போவதற்கு முன் கல்லூரியில் இவற்றைக் கேளுங்கள். கூட வரும் பெண் மேலாளர் யார்? தங்கும் இடம் எது, அறையில் யார் யார்? கோச் பிள்ளைகளுக்குத் தனியாக செய்தி அனுப்பும் வழக்கம் உண்டா, அல்லது எல்லாரும் இருக்கிற குழுவில் மட்டும்தானா? புகார் வந்தால் விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள்? அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். முதலாண்டு மாணவிக்கு 18 நிறையவில்லை என்றால் போக்சோ சட்டமும் பொருந்தும். இதைக் கேட்டதற்கு முகம் சுளிக்கிற பயிற்சியாளரோடு அனுப்பாதீர்கள். ஒழுங்கானவர் நீங்கள் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுப்பார்.

கேள்வி (தேவிபட்டினம் பக்கம், மாணவி): நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகிறது. கோச் "எடை குறைந்தால்தான் வேகம், இது நல்ல அறிகுறி" என்கிறார்.

நல்ல அறிகுறி இல்லை, தங்கச்சி. நாளைக்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். கடும் பயிற்சி செய்யும் பெண்ணுக்குச் சாப்பாடு போதாமல் போனால் உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிலக்கைத்தான். அதோடு எலும்பைக் காக்கும் ஹார்மோனும் குறையும், எலும்பில் மயிரிழை விரிசல் விழும். விரல் நுனி அளவு இடத்தில் வலிப்பது அதற்கான எச்சரிக்கை. பன்னாட்டு ஒலிம்பிக் கமிட்டி 2014லேயே இதற்குத் தனிப்பெயர் கொடுத்து, பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மூன்று மாதம் வரவில்லை என்றாலே மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல், பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் சோகை. முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் வலி இருக்கும்வரை ஓடாதே.

காலையில் வெறும் டீ குடித்துவிட்டு ஓடுகிறாயா? உன் பக்கத்தில் சாளை மீன் மலிவு, முட்டை கிடைக்கும், கீரை கிடைக்கும். பயிற்சி முடிந்த கையோடு சாப்பிடு. அந்தப் பயிற்சியாளருக்கு ஒரு வார்த்தை: பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து மற்றவர் காதில் விழச் சொல்லும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். தெரியாத விஷயத்தில் மருத்துவரிடம் அனுப்புவதும் உங்கள் பொறுப்புதான்.

கேள்வி (ஏர்வாடி): ஜிம்மில் கொடுக்கும் பவுடரை கோச்சே சாப்பிடச் சொல்கிறார். பிடிபட்டால் அவர்தானே பொறுப்பு?

முதலில் நீ, அப்புறம்தான் அவர். உடம்பில் தடை மருந்து இருந்தால் அது எப்படி வந்தது என்பது அடுத்த பேச்சு, பொறுப்பு வீரருடையதே. ஸ்டீராய்டு என்றால் வழக்கமாக நான்கு ஆண்டுத் தடை. கொடுத்தவருக்கு நான்கு ஆண்டிலிருந்து ஆயுள் தடை வரை போகும். நம் நாட்டில் 2022இல் இதற்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், 5,000க்கு மேல் மாதிரிகளைச் சோதித்த நாடுகளில் பிடிபட்டோர் விகிதம் அதிகம் இந்தியாவில்தான். லேபிள் சரியில்லாத டப்பாவை வாங்காதே. சளி மாத்திரையைக் கூட "நான் போட்டிக்குப் போகிறவன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்கு, சூடோஎஃபிட்ரின் இருக்கிற மாத்திரை போட்டி நாளில் வம்பு. ஆஸ்துமா இன்ஹேலர் வேண்டுமென்றால் சால்புட்டமாலுக்கு அளவு உண்டு, 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம்.

கேள்வி (திருப்புல்லாணி): போட்டிக்குப் போனதால் வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. யார் பார்க்க வேண்டும்?

பி.டி. சார்தான். போட்டிக்குக் கிளம்பும் முன்பே ஓ.டி. கடிதம் (கல்லூரிக்காக வெளியே போகிறார், வருகை கொடுங்கள் என்கிற கடிதம்) துறைத்தலைவர் கைக்குப் போயிருக்க வேண்டும், தேர்வுக்கு முந்தின நாள் அந்தக் கடிதத்துக்காக அலையக் கூடாது. சான்றிதழ்களின் நகலையும் அவரே கோப்பில் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. பிற்காலத்தில் அந்தத் தாள்தான் சோறு போடும், லேமினேஷன் செய்து கெடுத்துவிடாதே.

கேள்வி (பெரியபட்டினம்): பயிற்சியாளர் ஆக என்ன படிக்கணும்?

கல்லூரி உடற்கல்வி இயக்குநர் வேலைக்கு உடற்கல்விப் பட்டங்களான பி.பி.எட்., எம்.பி.எட்., அதன் மேல் நெட் அல்லது செட் தகுதித் தேர்வு. பக்கத்தில் என்றால் காரைக்குடி. பயிற்சி கொடுப்பதே குறி என்றால் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமா. இரண்டும் இருந்தால் நல்லது. இரண்டோடு முதலுதவியும் சி.பி.ஆரும் கற்றுக்கொள்.

கேள்வி (வாலிநோக்கம்): ஸ்பைக் ஷூ வாங்கக் காசில்லை. வெறுங்காலோடு மாவட்டப் போட்டியில் ஓட விடுவார்களா? பழகுவதும் கடற்கரை மணலில்தான்.

விடுவார்கள். வெறுங்காலோடும் ஓடலாம், ஒரு காலில் மட்டும் ஷூ போட்டும் ஓடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. கடன் வாங்கி ஓடுவதாக இருந்தால் செயற்கைத் தடத்துக்கு ஆணி நீளம் 9 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, பார்த்துக்கொள். மணலில் ஓடும்போது அலை ஓரம் சரிவாக இருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்வாக விழும். போன தூரமே திரும்பி வா, இல்லையென்றால் ஒரு பக்க முட்டி வலிக்கும். மைதானத்தில் ஓடினால் முதலில் ஒரு சுற்று நடந்து கருவேல முள்ளைப் பொறுக்கிவிடு. உங்கள் கல்லூரியில் கேட்டுப் பார், ஸ்டோர் ரூமில் யாரோ விட்டுப் போன ஒரு ஜோடி ஸ்பைக் கிடக்கும். எந்த சைஸ் என்று எனக்கு எழுது.