நவீன ரஷ்ய வரலாறு ஆன்லைன் கோர்ஸ்: படித்தவர்களின் கருத்துகளை எப்படி எடைபோடுவது?

கேள்வி இதுதான்: நவீன ரஷ்ய வரலாற்றை ஆன்லைனில் படிக்க நினைக்கிறீர்கள். ஒரே கோர்ஸைப் பற்றி ஒருவர் "அருமை" என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறார், இன்னொருவர் "ஒருதலைப்பட்சம்" என்கிறார், மூன்றாமவர் "பெயர்களைக் கேட்டாலே தலை சுற்றுகிறது" என்கிறார். யார் சொல்வதை நம்பிச் சேருவது?

நட்சத்திரங்களின் சராசரியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் ஒன்றும் எழுதாமல் போய்விடுவார்கள். கடைசிவரை இருந்தவர்கள் முடித்த மகிழ்ச்சியில் ஐந்து போடுவார்கள். சராசரி எப்போதும் உயரத்திலேயே நிற்பதற்கு அதுதான் காரணம். இரண்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைத் தேதி பார்த்துப் படியுங்கள். அங்கே வரும் குறைகள் சுற்றிச் சுற்றி ஒரு சிலதான். அவற்றில் எது உங்களைப் பாதிக்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே சோதித்துவிடலாம்.

"இன்றைய ரஷ்யாவைப் பற்றி ஒன்றுமே இல்லை" என்ற புகாரைப் பார்த்தால் பாடத்திட்டத்தைத் திறந்து வாரங்களை எண்ணுங்கள். நவீன காலம் எங்கே தொடங்குகிறது என்பதில் பேராசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை. சிலர் பேரரசர் முதலாம் பீட்டரிலிருந்து தொடங்குவார்கள், சிலர் பண்ணையடிமை முறை ஒழிந்த 1861-லிருந்து, சிலர் நேரே புரட்சி நடந்த 1917-லிருந்து. எட்டு வாரக் கோர்ஸில் ஸ்டாலின் இறந்த 1953 வரை வருவதற்கே ஆறு வாரம் போய்விட்டால், கோர்பச்சேவ், யெல்ட்சின், புதின் மூவரும் கடைசி வாரத்தில் நெருக்கியடித்துக்கொண்டுதான் வருவார்கள். புதினைப் படிக்க வந்தவருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

என்னைக் கேட்டால் 1861-ல் தொடங்கும் கோர்ஸ்தான் நல்லது. ரஷ்ய வரலாற்றின் முதுகெலும்பு விவசாயியின் நிலப் பிரச்சினை. விடுதலையான விவசாயி தனக்குக் கிடைத்த நிலத்துக்கு 49 ஆண்டுகள் தவணை கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 1905 புரட்சி வெடித்த பிறகுதான் அந்தத் தவணை ரத்தானது. அடுத்து பிரதமர் ஸ்டாலிப்பினின் நிலச் சீர்திருத்தம், 1917-ல் லெனினின் போல்ஷெவிக் கட்சி ஆட்சிக்கு வந்த கையோடு போட்ட நில ஆணை, 1921-ல் மிஞ்சிய விளைச்சலைச் சந்தையில் விற்கவிட்ட புதிய பொருளாதாரக் கொள்கை, 1929-க்குப் பிறகு நிலத்தையும் மாட்டையும் பொதுவாக்கிய கட்டாயக் கூட்டுப்பண்ணை. இத்தனையும் ஒரே கயிற்றின் முடிச்சுகள். 1917-லிருந்து மட்டும் தொடங்கினால் விவசாயி ஏன் முதலில் லெனின் பக்கம் சாய்ந்தான், பத்தே ஆண்டில் ஏன் அரசை எதிர்த்துத் தன் மாட்டையே வெட்டினான் என்பது விளங்காது.

பெயர்களும் தேதிகளும் குழப்புகின்றன என்ற புகார் நியாயமானது. ஆனால் கோர்ஸை ஒதுக்க அது போதாது, ஒரு மணி நேர வேலையில் தீர்ந்துவிடும். முதல் வாரம் தொடங்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதி மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். தலைநகரமாக இருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 1914-ல் பெத்ரோகிராட், 1924-ல் லெனின்கிராட், 1991-ல் மறுபடி பழைய பெயர். ரகசியப் போலீஸ் 1917-ல் செக்கா, பிறகு ஜி.பி.யு., ஓ.ஜி.பி.யு., 1934-லிருந்து என்.கே.வி.டி., போருக்குப் பின் எம்.ஜி.பி., 1954-ல் கே.ஜி.பி. காலண்டரும் உதைக்கும். 1918 வரை ரஷ்யா பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் வித்தியாசம் 13 நாள். அதனால்தான் அக்டோபர் புரட்சி நம் கணக்கில் நவம்பர் 7, பிப்ரவரி புரட்சி தொடங்கியது மார்ச் 8. 1918-ல் ஜனவரி 31-க்கு அடுத்த நாளை பிப்ரவரி 14 என்று அறிவித்து இதைச் சரிசெய்தார்கள். வினாடிவினாவில் தேதி கேட்டு மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். கோர்ஸ் எந்தக் காலண்டரைப் பின்பற்றுகிறது என்று முதல் பாடத்திலேயே சொல்லாவிட்டால் விவாதப் பகுதியில் கேட்டுவிடுங்கள்.

இனி முக்கியமான புகார்: ஒருதலைப்பட்சம். இதை எழுதுபவர்கள் இரண்டு திசைகளிலும் இருப்பார்கள். நம்மில் பலருக்கு சோவியத் நாடு என்றால் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்கள் தந்த சித்திரம். அதோடு போய் உட்கார்ந்தால் மேற்கத்தியப் பேராசிரியர் சொல்வதெல்லாம் அவதூறாகத் தோன்றும். பனிப்போர்க் காலச் செய்திகளில் ஊறியவருக்கோ, எழுத்தறிவு பரவியதைச் சொன்னாலே பிரச்சாரமாகப் படும். ஆகவே, ஒருவர் "சாய்வு இருக்கிறது" என்று சொன்னதை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பாடத்தின் சில குறிப்பிட்ட இடங்களை நீங்களே தொட்டுப் பாருங்கள்.

முதல் இடம் 1932–33 பஞ்சம். உக்ரைனில் இறந்தவர்கள் 35 லட்சத்துக்கும் மேல் என்பது இன்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் மதிப்பீடு. கசக்ஸ்தானில் சுமார் 15 லட்சம். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் அங்கேதான் அடி மிகக் கடுமை. கசக்ஸ்தானைப் பற்றிப் பேசாமல் பஞ்சத்தை முடித்துவிடும் பாடம் அரைகுறைப் பாடம். 1933 ஜனவரி 22 அன்று உக்ரைன் விவசாயிகளும் அதையடுத்த ரஷ்யாவின் குபான் பகுதி விவசாயிகளும் ஊரைவிட்டு வெளியேறக் கூடாது என்று வந்த உத்தரவைச் சொல்லாமல் வறட்சி என்று கடந்துபோனால், அதுவும் சரியில்லை. இது இனப்படுகொலையா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நல்ல கோர்ஸ் அந்த வாதத்தின் இரு பக்கத்தையும் ஆவணத்தோடு காட்டும்.

இரண்டாவது இடம் எண்கள். இரண்டாம் உலகப் போரில் சோவியத் மக்கள் எத்தனை பேர் இறந்தார்கள்? 1946-ல் ஸ்டாலின் சொன்னது 70 லட்சம். ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷ்சேவ் காலத்தில் அது 2 கோடி ஆனது. 1990-ல் கோர்பச்சேவ் சொன்னது ஏறக்குறைய 2.7 கோடி. இந்த மூன்று எண்களையும் வரிசையாக வைத்து ஏன் மாறின என்று விளக்கும் ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள். 1937 ஜனவரி மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அப்படித்தான். எதிர்பார்த்ததைவிடக் கோடிக்கணக்கில் குறைவாக மக்கள் இருப்பது தெரிந்ததும் முடிவுகளை மறைத்தார்கள், கணக்கெடுத்த அதிகாரிகளையே கைது செய்தார்கள். 1939-ல் மறுபடி எண்ணினார்கள். அடக்குமுறைக்குப் பலியானோர் தொகையிலும் எச்சரிக்கை தேவை. 1937, 1938 இரண்டு ஆண்டுகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் ஆவணக் கணக்குப்படி 6,81,692 பேர். முகாமில் இறந்தவர்கள், பஞ்சத்தில் இறந்தவர்கள் எல்லோரையும் ஒன்றாகக் கொட்டி ஒரே பெரிய எண்ணாகச் சொல்பவர் உணர்ச்சியைக் கிளப்பலாம், வரலாறு சொல்லிக்கொடுக்க முடியாது.

மூன்றாவது இடம் 1991. மார்ச் 17 வாக்கெடுப்பில் சோவியத் ஒன்றியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று வாக்களித்தவர்கள் சுமார் 76 விழுக்காடு. ஆனால் ஆறு குடியரசுகள் அதைப் புறக்கணித்தன. உக்ரைனில் அன்று ஆதரவு 70 விழுக்காடு. அதே உக்ரைன் டிசம்பர் 1 அன்று 90 விழுக்காட்டுக்கு மேல் தனிநாட்டுக்கு வாக்களித்தது. நடுவில் ஆகஸ்டில் கோர்பச்சேவுக்கு எதிரான ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்து தோற்றது. "மக்கள் விருப்பத்துக்கு மாறாக ஒன்றியத்தை உடைத்தார்கள்" என்பவர் மார்ச்சை மட்டும் காட்டுவார். "மக்களே உடைத்தார்கள்" என்பவர் டிசம்பரை மட்டும் காட்டுவார். இரண்டையும் காட்டி இடையில் என்ன மாறியது என்று கேட்கும் பாடத்தை நம்பலாம்.

விமர்சனத்தின் தேதியும் கோர்ஸ் பதிவான ஆண்டும் இந்தப் பாடத்துக்கு ரொம்பவே முக்கியம். ரஷ்யா கிரைமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட 2014-க்கு முன் எடுத்த காணொளியில் கிரைமியா 1954-ல் உக்ரைனுக்கு மாற்றப்பட்டது ஒரு வரியில் கடந்துபோகும், சில சமயம் அந்த வரியும் இருக்காது. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பின், 2022 மார்ச்சில் கோர்செரா, எட்எக்ஸ் என்ற கோர்ஸ் தளங்கள் இரண்டும் ரஷ்யப் பல்கலைக்கழகங்களின் பாடங்களை நிறுத்திவைத்தன. பழைய விமர்சனங்களில் பலர் புகழ்ந்திருக்கும் சில கோர்ஸ்களைத் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். "வாரம் மூன்று மணி நேரம்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் காணொளிக்கும் வினாடிவினாவுக்கும் மட்டும். மூல ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுத்தால் இரண்டு மடங்காகும். தானியங்கி வசன வரிகள் ரஷ்யப் பெயர்களைச் சிதைத்துவிடும், அதை வைத்துக் குறிப்பெடுத்தால் பிறகு தேடவே முடியாது. ஆள் திருத்திய எழுத்துப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். சக மாணவர்கள் மதிப்பெண் போடும் கட்டுரை இருந்தால் புகாரும் நிச்சயம் இருக்கும். இரண்டு வரியில் கருத்து எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் ஆசிரியரின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

யு.பி.எஸ்.சி.க்காகப் படிக்கிறீர்கள் என்றால் முழுக் கோர்ஸ் தேவையில்லை. வரலாறு விருப்பப் பாடத்தில் முக்கியமாகக் கேட்பது 1917–21 புரட்சிக் காலமும் 1985–91 சோவியத் வீழ்ச்சியும். அந்த வாரங்களை மட்டும் பாருங்கள்.

சான்றிதழ் வேண்டாம் என்பவர்களுக்கு எம்.ஐ.டி.யின் திறந்த பாடத் தளத்தில் சோவியத், சோவியத்துக்குப் பிந்தைய அரசியலும் சமூகமும் பற்றிய பாடத்திட்டமும் வாசிப்புப் பட்டியலும் இலவசமாக இருக்கின்றன. சோவியத் வரலாற்றின் பதினேழு தருணங்கள் என்ற இணைய ஆவணக் காப்பகம், பதினேழு ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் கட்டுரை, மூல ஆவணம், படம், பாட்டு என்று வைத்திருக்கிறது. எந்தக் கோர்ஸோடும் சேர்த்துப் படிக்கலாம்.

மூல ஆவணத்தை ஒரு கோர்ஸ் எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க, 1956 பிப்ரவரி 25 அன்று குருஷ்சேவ் ஸ்டாலினைக் கண்டித்து ஆற்றிய ரகசிய உரை வரும் வாரத்துக்கு நேரே போங்கள். 1934 கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில் தேர்வான மத்தியக் குழுவினர் 139 பேரில் 98 பேர் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், மாநாட்டுப் பிரதிநிதிகள் 1,966 பேரில் 1,108 பேர் கைதானார்கள் என்று அந்த உரை கணக்குச் சொல்கிறது. எல்லாமே கட்சிக்காரர்களின் கணக்கு. கூட்டுப்பண்ணைக்காகத் தொலைதூரப் பகுதிகளுக்கு விரட்டப்பட்ட விவசாயிகள், பஞ்சத்தில் செத்தவர்கள் அதில் இல்லை. ஸ்டாலின் கால அடக்குமுறையில் குருஷ்சேவுக்கும் பங்கு இருந்தது. உரை சில மாதத்தில் அமெரிக்கப் பத்திரிகையில் வந்துவிட்டது, சோவியத் ஒன்றியத்துக்குள் 1989 வரை அச்சாகவில்லை. உரையின் சுருக்கத்தை மட்டும் வாசித்துக் காட்டி "ஸ்டாலினைக் கண்டித்தார்" என்று நகரும் கோர்ஸ் இருக்கும். முழு உரையைக் கையில் கொடுத்து, இதில் யாருடைய சாவு எண்ணப்படவில்லை, ஏன் என்று கட்டுரை கேட்கும் கோர்ஸும் இருக்கும். இரண்டாவது வகை கிடைத்தால் மூன்றரை நட்சத்திரம் என்றாலும் சேருங்கள்.