திருச்சபை வரலாறு படித்தால் சோறு போடுமா?

அம்மா, வணக்கம்.

"ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போற குடும்பம்தான் சார், அதுக்காக அதையே படிப்பா எடுத்தா சோறு போடுமா?" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. பிளஸ் டூ வணிகவியலில் நல்ல மார்க் வாங்கிய பெண், சி.ஏ. வேண்டாம், பி.ஏ. வரலாறு போதும், பிறகு திருச்சபை வரலாற்றில் ஆராய்ச்சி என்றால் எந்த அம்மாவுக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்பு, வரலாறு கேட்டு வந்த ஒரு பையனைப் பேசிப் பேசி பி.இ.யில் சேர வைத்தேன். மூன்றாம் ஆண்டில் ஏழு அரியரோடு அப்பாவை அழைத்துக்கொண்டு வந்து என் முன் நின்றான். அதிலிருந்து "எதுக்கு ஸ்கோப் இருக்கு?" என்ற கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

உங்கள் மகள் படிக்க விரும்பும் பாடத்தையே படித்த ஒரு தம்பதியின் கதையைச் சொல்கிறேன். இருவரும் டென்மார்க்காரர்கள். கணவர் ஹால் கோக், 1904இல் பிறந்தவர். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பாடம் சொன்ன ஒரிகன் என்ற இறையியலாளரைப் பற்றி ஆராய்ந்து, 1932இல் ஜெர்மன் மொழியில் நூலாக்கினார். 1937இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர். கிரேக்கப் பழஞ்சுவடிகளோடு வாழ்நாளைக் கழித்திருக்க வேண்டிய மனிதர்.

1940 ஏப்ரல் 9ஆம் தேதி ஹிட்லரின் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. அந்த இலையுதிர்காலத்தில் கோக், குருண்ட்விக் என்ற 19ஆம் நூற்றாண்டு போதகர்-கவிஞர் பற்றிப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பரீட்சைக்கு வரும் பாடம் அல்ல. ஆனாலும் அரங்கம் கொள்ளாத கூட்டம். நாடு அந்நியர் கையில் இருக்கும்போது, "நாம் யார்?" என்று நிதானமாகப் பேச ஒருவர் கிடைத்ததுதான் காரணம். அதே ஆண்டு, கட்சி வேறுபாடின்றி நாட்டின் இளைஞர் அமைப்புகள் பல சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. இளைஞர்கள் நாஜிகள் பக்கம் போய்விடக் கூடாது என்பது நோக்கம். அதற்கும் தலைவர் இவரே.

இங்கே கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரிகனைப் படித்தவருக்கு இந்த வேலை எப்படி வந்தது? திருச்சபை வரலாறு என்பது பக்திக் கதைகளின் தொகுப்பு இல்லையம்மா. பாதிக்கு மேல் சண்டைதான். இரண்டு தரப்பும் தாங்களே சரி என்று உயிரையே கொடுக்கத் தயாராக நிற்பார்கள். படிப்பவர் இரண்டு தரப்பின் கடிதத்தையும் படிக்க வேண்டும், இருவருக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்ல வேண்டும். கோக் 1945இல் 'ஜனநாயகம் என்றால் என்ன?' என்றொரு சிறு நூல் எழுதினார். ஓட்டு எண்ணுவது மட்டும் ஜனநாயகம் ஆகாது, உட்கார்ந்து பேசி ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வதே அதன் உயிர் என்பது அவர் வாதம். அவர் படித்த பாடத்திலிருந்து வந்த கருத்து அது.

அவரைத் தூக்கி வைத்துப் பேசவும் நான் தயாரில்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியரோடு அனுசரித்துப்போன டென்மார்க் அரசின் பாதையை ஆதரித்ததற்காக, எதிர்ப்பு இயக்கத்தினர் அவரைக் கடுமையாகச் சாடினார்கள். போருக்குப் பின் 1946 முதல் பத்தாண்டு குரோகெரூப் என்ற இடத்தில், பெரியவர்கள் தங்கிப் படிக்கும் மக்கள் உயர்பள்ளி ஒன்றை நடத்தினார். அந்த வகைப் பள்ளிகளில் பரீட்சையும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. (நம்மூரில் அப்படி ஒன்று தொடங்கினால் முதல் நாளே அட்மிஷன் காலி!)

ஆனால் உங்கள் மகளுக்காக நான் சொல்ல வந்தது அவர் மனைவியின் கதை. போடில் கோக் 1929இல் இறையியல் பட்டம் பெற்றார். பையன்கள் அந்தப் பட்டத்தை வாங்கினால் போதகர் ஆகலாம். பெண்ணுக்கு அந்த வேலை சட்டப்படியே மூடிய கதவு. படித்தார், பட்டம் வாங்கினார், வேலை இல்லை. உங்கள் பயம் மொத்தமும் அந்தப் பெண் வாழ்க்கையில் நடந்தே விட்டது. பிள்ளைகளை வளர்த்தார். 1944இல் பெண்கள் கூடிச் சமூக விஷயங்களை விவாதிக்க ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1947இல், 44 வயதில், சமூக ஜனநாயகக் கட்சி சார்பில் நாடாளுமன்றம் போனார். பெண்களும் போதகர் ஆகலாம் என்ற சட்டமும் அதே 1947இல்தான் வந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் ஒடென்சே நகரில் மூன்று பெண்கள் அபிஷேகம் பெற்றார்கள். பிஷப்புகளில் அதற்கு முன்வந்தவர் ஒரே ஒருவர்.

போடில் போதகர் ஆகவில்லை. 1950இல் திருச்சபைத் துறை அமைச்சர் ஆனார். சில வாரங்களில் ஆட்சி போனது. 1953இல் அதே நாற்காலிக்குத் திரும்பி, 1966 வரை பதின்மூன்று ஆண்டுகள். டென்மார்க்கில் திருச்சபை அரசோடு இணைந்தது, நம் அறநிலையத் துறை மாதிரி அதற்கென்று தனி அமைச்சகம் உண்டு. எந்தப் பீடத்தில் ஏற விடவில்லையோ, அந்தப் பீடங்களின் நிர்வாகம் அவர் மேசைக்கு வந்தது. பிறகு இரண்டு ஆண்டுகள் பண்பாட்டு அமைச்சர்.

உங்கள் மகளும் அமைச்சராவாள் என்று சொல்லவில்லை. போடிலுக்குப் பட்டத்துக்கும் பதவிக்கும் நடுவே 21 வருடம் ஓடியது, அதையும் மறைக்கவில்லை. இங்கே ஆராய்ச்சிப் பாதை மெதுவானது. முதுகலை, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு, அதில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சி உதவித்தொகை, பிறகு முனைவர் பட்டம். நிரந்தரப் பணி வரும்வரை கௌரவ விரிவுரையாளராகக் குறைந்த சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர்கள் நிறைய. அதனால் இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். பி.ஏ. படிக்கும்போதே சிவில் சர்வீஸ், டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், வரலாறு அங்கே வீண்போகாது. இரண்டாவது, முதல் ஆண்டிலேயே ஜெர்மன் தொடங்கட்டும்.

ஏன் ஜெர்மன்? 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி டென்மார்க்காரர் கையில் இருந்தது. டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் அங்கே வந்து இறங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சானது. அந்த மிஷனின் கடிதங்களும் குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் கோபன்ஹேகனிலும் கட்டுக் கட்டாக இருக்கின்றன. பழைய கோத்திக் கையெழுத்தில் ஜெர்மனும் டேனிஷும். அதைப் படிக்கத் தெரிந்து, தமிழும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. போட்டி அதிகமில்லாத வரிசை அது.

சனிக்கிழமை மாலை அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மார்க் ஷீட் வேண்டாம். கடைசியாக அவள் அடிக்கோடு போட்டுப் படித்த புத்தகம் எதுவோ, அதை எடுத்து வரச் சொல்லுங்கள்.